மியூனிக்கில் படிக்கும் நண்பர்கள் நான்கு பேர், ஒரே வார இறுதியில் வியன்னா, பிராத்திஸ்லாவா, புடாபெஸ்ட் மூன்றையும் குறைந்த செலவில் பார்க்க முடியுமா?

முடியும். வெள்ளி மாலை கிளம்பி திங்கள் காலை வகுப்புக்குத் திரும்பிவிடலாம். மூன்று, நான்கு வாரம் முன்பே டிக்கெட் எடுத்தால் ஆளுக்கு 200 முதல் 230 யூரோவுக்குள் வரும். அதில் பாதிக்கு மேல் ரயிலுக்கே போகும். அதனால் எந்த ஊரை எந்தக் கிழமையில் வைக்கிறீர்கள், எந்த ஸ்டேஷனில் ஏறி இறங்குகிறீர்கள் என்பதில்தான் இந்தப் பயணத்தின் சூட்சுமமே இருக்கிறது.

முதலில் வரிசை. வியன்னா சனி காலை, பிராத்திஸ்லாவா சனி மாலை, புடாபெஸ்ட் ஞாயிறு முழுவதும். இதைத் தலைகீழாக்காதீர்கள். ஆஸ்திரியாவில் ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட்டுகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் ஒன்றிரண்டு கடைகளில்தான் கூட்டத்தில் நின்று வாங்க வேண்டும். மற்றபடி உணவகம்தான், அங்கே ஒரு வேளைச் சாப்பாடு 15 யூரோவைத் தாண்டிவிடும். ஹங்கேரியில் ஞாயிறும் கடைகள் உண்டு. போதாக்குறைக்கு, புடாபெஸ்டின் டொஹானி தெருவிலுள்ள பெரிய யூதக் கோவில் சனிக்கிழமை மூடியிருக்கும், ஞாயிறு திறந்திருக்கும். இந்த வரிசையில் ஒரே இழப்பு புடாபெஸ்டின் பெரிய சந்தைக் கட்டடம். ஞாயிறு அதற்கு விடுமுறை.

மியூனிக்கிலிருந்து போகும் வழி: ஜெர்மனி முழுக்க வட்டார ரயில்களில் செல்லும் மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் உங்கள் நால்வரிடமும் இருக்கும். அது ஜெர்மன் எல்லையோடு முடிந்துவிடுவதில்லை, வட்டார ரயிலில் சால்ஸ்பர்க் மெயின் ஸ்டேஷன் வரை செல்லும். சுமார் இரண்டு மணி நேரம், கூடுதல் செலவு இல்லை. அதே தண்டவாளத்தில் ஓடும் ரெயில்ஜெட், யூரோசிட்டி விரைவு வண்டிகளில் மட்டும் ஏறிவிடாதீர்கள், அவற்றில் இந்த டிக்கெட் செல்லாது. சால்ஸ்பர்கிலிருந்து வியன்னாவுக்கு ஓபிபி (ஆஸ்திரிய அரசு ரயில்வே), வெஸ்ட்பான் (தனியார்) என்று இரண்டு நிறுவனங்களின் வண்டிகள் இரண்டரை மணி நேரத்தில் போகின்றன. முன்பதிவில் 20 யூரோவை ஒட்டிக் கிடைக்கும். மலிவு டிக்கெட் அந்த ஒரு வண்டிக்கு மட்டும்தான். மியூனிக் ரயில் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள், ஏனென்றால் இரண்டும் தனித்தனி ஒப்பந்தம். வெள்ளி மாலை அந்தத் தடம் நெரிசலானது. நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

வெஸ்ட்பான் வண்டி உங்களை வியன்னாவின் மேற்கு நிலையமான வெஸ்ட்பான்ஹோஃபில் இறக்கிவிடும் என்பதைக் கவனியுங்கள். மறுநாள் பிராத்திஸ்லாவா ரயில் கிளம்புவது தலைமை நிலையமான ஹாப்ட்பான்ஹோஃபிலிருந்து. இரண்டையும் 18ஆம் எண் டிராம் இணைக்கிறது. தங்குவதற்கு ஹாப்ட்பான்ஹோஃபிலிருந்து நடக்கும் தூரத்தில் ஹாஸ்டல் பாருங்கள். ஊரின் நடுவில் இல்லையே என்று யோசிக்க வேண்டாம். சனிக்கிழமை பையை ஹாஸ்டலிலேயே வைத்துவிட்டுச் சுற்றி, ரயிலுக்குப் போகும் வழியில் எடுத்துக்கொள்ளலாம். லாக்கர் காசும் மிச்சம், அரை மணி நேரமும் மிச்சம். நான்கு பேருக்கு அபார்ட்மெண்ட் மலிவாகத் தெரியும். ஆனால் ஒரே இரவுக்குச் சுத்தம் செய்யும் கட்டணத்தைச் சேர்த்தால் கணக்கு மாறிவிடும்.

வியன்னாவில் உங்களுக்கு ஆறு மணி நேரம்தான். எந்த மியூசியத்துக்குள்ளும் நுழையாதீர்கள் என்பதே என் அறிவுரை. அதற்குப் பதில் ஒரே கோட்டில் போகும் இந்தப் பாதையைப் பிடியுங்கள். காலை 7:30க்கு யு1 மெட்ரோ ஏறி கார்ல்ஸ்பிளாட்ஸ், அங்கே யு4 மாறி ஷோன்புருன் அரண்மனை. அரண்மனைக்குள் போகத்தான் டிக்கெட், பூங்காவுக்கு இலவசம், அதுவும் அதிகாலையிலேயே திறந்துவிடுவார்கள். குன்றின் மேல் இருக்கும் குளோரியட் மண்டபம் வரை ஏறுங்கள். மஞ்சள் அரண்மனையும் அதன் பின்னால் விரியும் நகரமும் சேர்ந்து தெரியும் இடம் அதுதான். ஒன்பது மணிக்கு மேல் டூரிஸ்ட் பேருந்துகள் வர ஆரம்பித்தால் அந்த அமைதி போய்விடும். திரும்பும்போது அதே யு4-இல் கெட்டன்ப்ரூக்கன்காஸே நிறுத்தத்தில் இறங்குங்கள். சனிக்கிழமை மட்டும் அங்கே பழம்பொருள் சந்தை உண்டு, ஒட்டியே நாஷ்மார்க்ட் என்ற உணவுச் சந்தை. பார்த்துவிட்டு ஓபரா, ஹோஃப்பர்க் அரண்மனை முற்றங்கள், கிராபன் வீதி, ஸ்டெஃபான்ஸ்டோம் பேராலயம் என்று நடந்தே போய்விடலாம். பேராலயத்தின் பின்பகுதி வரை இலவசம். தெற்குக் கோபுரத்துக்கு டிக்கெட் உண்டு, 343 படிகள், குறுகலான சுருள் படிக்கட்டு. முட்டிவலி இருப்பவர் கீழேயே இருக்கட்டும். அங்கிருந்து யு1-இல் மூன்றாவது நிறுத்தம் ஹாப்ட்பான்ஹோஃப்.

இங்கே தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம். 1873 முதல் ஆல்ப்ஸ் மலை ஊற்று நீர்தான் குழாய் வழியே நகரத்துக்கு வருகிறது. தெருக் குழாயில் பிடித்துக் குடிக்கலாம். அப்படியே பாட்டில் வாங்கினாலும் 25 சென்ட் டெபாசிட் சேர்த்திருப்பார்கள், அதை ஆஸ்திரியாவில்தான் திரும்ப வாங்க முடியும். ஸ்லோவாக்கியாவிலும் ஹங்கேரியிலும் இதே முறை உண்டு, ஆனால் ஒரு நாட்டுப் பாட்டிலை இன்னொரு நாட்டு இயந்திரம் ஏற்காது.

பிராத்திஸ்லாவாவுக்கு சுமார் ஒரு மணி நேரம். வியன்னாவிலிருந்து போகும் ரயில்கள் இரண்டு வெவ்வேறு நிலையங்களுக்குப் போகின்றன. ஹ்லாவ்னா ஸ்டானித்ஸா என்பது தலைமை நிலையம், பெட்ர்ஷால்கா என்பது ஆற்றுக்குத் தெற்கே. புடாபெஸ்ட் வண்டி தலைமை நிலையத்திலிருந்துதான் கிளம்பும், அதனால் அங்கே போகும் ரயிலையே எடுங்கள். போக-வரச் சலுகைச் சீட்டு ஒன்று மிகவும் பிரபலம். நீங்கள் திரும்பி வரப் போவதில்லை என்பதால் ஒருவழிச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள். டான்யூபில் படகிலும் போகலாம், ஆனால் இந்த பட்ஜெட்டில் அது அடங்காது.

பழைய நகரம் சின்னது, நான்கு மணி நேரம் தாராளம். நிலையத்திலிருந்து இருபது நிமிட நடை. 1563 முதல் 1830 வரை ஹங்கேரிய அரசர்களுக்கு முடிசூட்டியது இங்குள்ள புனித மார்ட்டின் பேராலயத்தில்தான். மரியா தெரேசாவும் 1741இல் இங்கேதான் முடிசூடினார். கோபுர உச்சியில் சிலுவைக்குப் பதிலாகத் தங்க முலாம் பூசிய மகுடம் இருப்பது அதனால்தான். கீழே தெருக்கற்களுக்கு நடுவே உள்ளங்கைக்குள் அடங்கும் சிறிய பித்தளை மகுடங்களைப் பதித்திருக்கிறார்கள், முடிசூட்டு ஊர்வலம் போன வழியை அவை காட்டும். வழிகாட்டிக்குக் காசு கொடுக்காமல் அவற்றைப் பின்தொடர்ந்தே பழைய நகரத்தைப் பார்த்துவிடலாம். சாப்பாட்டுக்கு ப்ரின்ஸோவே ஹாலுஷ்கி, உருளைக்கிழங்கு மாவு உருண்டையில் செம்மறிப் பால் சீஸ் கலந்தது. சைவம் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள், மேலே பன்றிக்கொழுப்புப் பொரித்துத் தூவுவார்கள். ஆர்டர் கொடுக்கும்போதே வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்.

புடாபெஸ்டுக்கு இரண்டரை மணி நேரப் பயணம். ஒரே ரயிலுக்கு செக், ஸ்லோவாக், ஹங்கேரிய ரயில்வே தளங்களில் விலை வேறு வேறாக இருக்கும், மூன்றையும் பாருங்கள். இந்த வண்டிகள் பிராகிலிருந்து வருவதால் தாமதம் சகஜம். அன்றைய கடைசி வண்டிக்கு டிக்கெட் எடுக்காமல் அதற்கு முந்தையதை எடுங்கள்.

ரயில் நியுகட்டி நிலையத்துக்கு வரும். இறங்கியதும் 24 மணி நேரக் குழுச் சீட்டு வாங்குங்கள். அதிகபட்சம் ஐந்து பேர், விலை தனிநபர் 24 மணிச் சீட்டைப்போல் இரண்டு மடங்குதான். சனி இரவு பத்தரைக்கு எடுத்தால் ஞாயிறு இரவு பத்தரை வரை செல்லும், திரும்பும் ரயிலுக்குப் போவது வரை அதிலேயே அடங்கிவிடும். ஒரே நிபந்தனை, நால்வரும் ஒன்றாகவே பயணிக்க வேண்டும். நிலைய வாசலிலிருந்து போகும் 6ஆம் எண் டிராம் இரவு முழுக்க ஓடும், டாக்ஸி தேவையில்லை. ஹங்கேரியில் எந்த விடுதியும் தங்கும் ஒவ்வொருவரின் ஆவணத்தையும் ஸ்கேன் செய்தே ஆக வேண்டும், எனவே நால்வரின் அசல் பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும்.

பணம் இங்கே ஃபோரின்ட். கார்டு இயந்திரமோ ஏடிஎம்மோ யூரோவில் கழிக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி ஃபோரின்டைத் தேர்ந்தெடுங்கள். யூரோ என்றால் மாற்று விகிதத்தை அவர்களே வைப்பார்கள், அது எப்போதும் உங்களுக்கு நஷ்டம்.

ஞாயிறு காலை வெந்நீர்க் குளம். பழைய பயணக் குறிப்புகள் சொல்லும் கெல்லெர்ட் 2025 அக்டோபரில் சீரமைப்புக்காக மூடப்பட்டுவிட்டது. செச்சேனி அழகுதான், ஆனால் விலையும் கூட்டமும் அதிகம். லூகாச் அதைவிட மலிவு, உள்ளூர்க்காரர்கள் வரும் இடம், 6ஆம் எண் டிராமிலேயே மார்கிட் பாலத்தின் மேற்குக் கரையான புடா பக்கம் போய் ஐந்து நிமிடம் நடக்கலாம். துண்டும் ரப்பர் செருப்பும் கொண்டுபோங்கள். நீச்சல் குளத்தில் இறங்கத் தலையுறை கட்டாயம், வெந்நீர்த் தொட்டிகளுக்கு வேண்டாம். அங்கிருந்து ஆற்றோரமாகத் தெற்கே நடந்தால் எதிர்க்கரையில் நாடாளுமன்றம். உள்ளே போக ஐரோப்பியக் குடிமக்களுக்குக் கட்டணம் குறைவு. ஜெர்மன் குடியிருப்பு அட்டை இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. வெளியிலிருந்து பார்த்தாலே போதும் என்பேன். கோட்டைக் குன்றில் இருக்கும் மீனவர் கொத்தளத்தின் கீழ்த்தளம் இலவசம். கோட்டைக்குக் கயிற்று ரயிலுக்குப் பதில் 16ஆம் எண் பேருந்து. அது உங்கள் சீட்டில் அடங்கும், கயிற்று ரயில் அடங்காது. பிறகு 1849இல் திறந்த சங்கிலிப் பாலத்தை நடந்து கடந்து, பூண்டும் புளிப்புக் க்ரீமும் தடவிய லாங்கோஷ் ஒன்று. பொரித்த ரொட்டிதான், ஒன்று தின்றால் மாலை வரை பசிக்காது.

திரும்பும் இரவு ரயில் நியுகட்டியிலிருந்து கிளம்பாது, கெலெட்டியிலிருந்துதான். யூதக் கோவிலருகே அஸ்டோரியாவில் எம்2 மெட்ரோ ஏறினால் இரண்டாவது நிறுத்தம். திங்கள் விடியற்காலை மியூனிக்கில் இறங்கிவிடலாம். உட்காரும் இருக்கை மலிவு, ஆனால் தூக்கம் வராது. 15, 20 யூரோ கூடுதலானாலும் படுக்கை எடுங்கள், மற்ற எல்லாச் செலவையும் சுருக்கினாலும் இதைச் சுருக்காதீர்கள். ஜெர்மன் எல்லையில் நள்ளிரவுக்கு மேல் போலீஸ் ஏறிச் சோதிப்பது வழக்கம். பாஸ்போர்ட்டையும் குடியிருப்பு அட்டையையும் பைக்குள் ஆழமாக வைக்காமல் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுங்கள்.