தலையாட்டல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மூன்று கிளைகள் உள்ள ஒரு பல் மருத்துவ கிளினிக்கில் நிர்வாக வேலை பார்க்கிறேன். 2025 ஜூன் முதல் தரவுப் பாதுகாப்பு அதிகாரி கட்டாயம் என்று சட்டம் வந்ததும் முதலாளி என்னை டிபிஓ ஆக்கிவிட்டார். ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சி, செலவை எச்ஆர்டி கோர்ப் லெவியில் (ஊழியர் பயிற்சிக்காக முதலாளிகள் கட்டும் நிதி) கழித்துக்கொண்டார்கள். கடைசியில் 30 கேள்விகள், 28 சரி, சான்றிதழும் வந்துவிட்டது. ஆனால் மேசைக்குத் திரும்பியபோது எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. கவுண்டர் பெண்கள் நோயாளிகளின் ஐசி (அடையாள அட்டை) படத்தை இன்னும் வாட்ஸ்அப் குழுவில்தான் போடுகிறார்கள். சொந்தப் பணத்தில் சிஐபிபி மாதிரி அனைத்துலகச் சான்றிதழ் படிக்கலாமா? இந்தத் துறையில் எதிர்காலம் இருக்கிறதா, இல்லை ஏஐ இதையும் தின்றுவிடுமா? தமிழ் வாசகர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று தோன்றுகிறது, ஆனாலும் நீங்கள் கோர்ட்டில் வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன்.

வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் பெயரையும் கிளினிக் பெயரையும் நான்தான் எடுத்தேன். நீங்கள் எடுக்கச் சொல்லவில்லை. வாட்ஸ்அப் குழுவைப் பற்றி எழுதிவிட்டுக் கீழே முழுப்பெயர், வேலையிடம், கைப்பேசி எண் மூன்றையும் போட்டு ஒரு கிழவனுக்கு மின்னஞ்சல் அனுப்புகிற டிபிஓவை என்னம்மா செய்வது?

ஏஐ பற்றி எனக்குத் தெரியாது, தெரிந்தவர்களைக் கேளுங்கள். சான்றிதழ் ஆசை இருந்தால் படியுங்கள், படிப்பு யாரையும் கெடுத்ததில்லை. ஆனால் சிஐபிபியில் ஐரோப்பியப் பிரிவு என்றால் ஐரோப்பியச் சட்டத்தைத்தான் படிப்பீர்கள். உங்கள் மேசைக்கு வேண்டியது நிர்வாகம் சொல்லித்தரும் சிஐபிஎம், அதையும் முதலாளி காசில் படியுங்கள். வேலைக்கும் பஞ்சமில்லை. 20,000 பேருக்கு மேல் விவரம் வைத்திருந்தாலோ, உடல்நலம் மாதிரி அந்தரங்கத் தரவு 10,000 பேருக்கு மேல் இருந்தாலோ டிபிஓ வைத்தே ஆகவேண்டும். தரவுப் பாதுகாப்புக் கொள்கைகளை மீறினால் அபராதம் முன்பு 3 லட்சம் ரிங்கிட் வரைதான், இப்போது 10 லட்சம் வரை போகும், 3 வருஷம் சிறையும் உண்டு. முதலாளிகளுக்குத் திடீரென்று உங்கள் மேல் பாசம் வந்தது அதனால்தான்.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். அந்த வாட்ஸ்அப் குழுவில் தொடங்குங்கள். இன்றைக்கே. ஐசி எண் வெறும் எண் இல்லையம்மா. முதல் 6 இலக்கம் பிறந்த தேதி, அடுத்த 2 பிறந்த மாநிலம், எங்கள் பினாங்கு 07, உங்கள் கோலாலம்பூர் 14, கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். 2017இல் 46.2 மில்லியன் கைப்பேசிக் கணக்குகளின் விவரம் கசிந்தபோது, நாட்டின் மக்கள்தொகையைவிட அதிகமாகக் கசிந்திருக்கிறதே என்று கோப்பிக் கடையில் சிரித்தோம். சிரித்தவர்கள் எல்லாருடைய ஐசியும் அந்தப் பட்டியலில் இருந்திருக்கும். கவுண்டர் பெண் ஒருத்தி வேலையை விட்டுப் போகும்போது அவள் கைப்பேசியில் எத்தனை ஐசி கூடவே போகிறது என்று எண்ணிப் பார்த்தீர்களா? கசிவு பெரிது என்றால் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். வெள்ளி சாயங்காலம் தெரிந்தால் திங்கள் சாயங்காலம் கெடு. வாரக்கடைசி, கிளினிக் பூட்டியிருந்தது என்றெல்லாம் சொல்ல முடியாது.

சரி. இதற்காக நான் எழுத உட்காரவில்லை. "தமிழ் வாசகர்களுக்கு இதெல்லாம் எதற்கு" என்ற அந்த ஒரு வரிதான் இரண்டு நாளாக என்னைப் பிடித்து ஆட்டுகிறது.

1980களில் செபராங் பிறைப் பக்கம் ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நான் தமிழ் மொழிபெயர்ப்பாளர். ஒருநாள் ஒரு ரப்பர் தோட்டத் தொழிலாளியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள், ஒட்டுப்பால் (உறைந்த ரப்பர் பால்) திருட்டு. மலாயில் குற்றச்சாட்டு படிக்கப்பட்டது, நான் தமிழில் சொன்னேன், அதுவும் எப்பேர்ப்பட்ட தமிழ், "தண்டனைச் சட்டம் 379ஆம் பிரிவின்கீழ் களவாடிய குற்றத்தைப் புரிந்துள்ளீர்" என்று ரேடியோ செய்தி மாதிரி முழங்கினேன். புரிகிறதா என்றேன், தலையாட்டினார். ஒப்புக்கொள்கிறீர்களா என்றேன், அதற்கும் தலையாட்டினார். ஃபஹாம் (புரிகிறது), குற்றத்தை ஒப்புக்கொள்கிறார் என்று மாஜிஸ்திரேட்டிடம் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். ஏனோ அந்தத் தலையாட்டல் உறுத்தியது. தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன் நான், கிராணி (தோட்டத்துக் குமாஸ்தா) முன்னால் என் அப்பா அப்படித்தான் தலையாட்டுவார். அனுமதி கேட்டுக்கொண்டு, "அண்ணே, நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லுங்க" என்றேன். அவர் சொன்னார்: "சைக்கிளுக்கு லைட் இல்லன்னு சொல்றீங்க. அது உண்மைதாங்க ஐயா." ராத்திரி லைட் இல்லாத சைக்கிளில் மூட்டையோடு போகும்போது பிடித்திருக்கிறார்கள், மனிதர் லைட்டுக்குத்தான் கேஸ் என்று நினைத்துக்கொண்டு நிற்கிறார். மாஜிஸ்திரேட் விசாரணைக்குத் தள்ளிவைத்தார். அப்புறம் அந்த வழக்கு என்ன ஆனது என்று சத்தியமாக நினைவில்லை.

ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டால், அதன் தன்மையும் விளைவும் அவருக்குப் புரிந்ததா என்று கோர்ட் உறுதி செய்தே ஆகவேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 173ஆம் பிரிவு. திருட்டுக் கேஸில் நிற்பவருக்கு மொழிபெயர்ப்பாளரை வைக்கிற நாட்டில், பல்வலிக்கு வந்த பாட்டிக்கு என்ன வைத்திருக்கிறோம்? உங்கள் 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 7ஆம் பிரிவைப் பாருங்கள். வாங்குகிற விவரத்தை என்ன செய்வோம் என்று சொல்லும் தனியுரிமை அறிவிப்பு தேசிய மொழியான மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். அவ்வளவுதான். அது இருந்தாலே உங்கள் பயிற்சியில் பச்சை டிக். படிக்கிறவருக்கு அந்த இரண்டும் வாசிக்கத் தெரியுமா என்று 30 கேள்வியில் ஒன்றாவது கேட்டார்களா?

என் அம்மா தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. மலாய் சரளமாகப் பேசுவார், எழுத்துக் கூட்டத் தெரியாது. சில வருஷம் முன்பு இங்கே ஒரு தனியார் கிளினிக்கில் சர்க்கரைக்குப் பார்க்கப் போனபோது பாரத்தை நீட்டி, "இங்க சைன் பண்ணுங்க ஆச்சி" என்றார்கள். தமிழில் அழகாகக் கையெழுத்துப் போட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், வாழ்க்கை முழுக்க மொழிபெயர்த்துச் சம்பாதித்தவன். இரண்டு மாதத்தில் யாரோ கூப்பிட்டு, பெயர் சொல்லி, சர்க்கரைக்கு மூலிகைப் பொடி இருக்கிறது என்றார்கள். "டாக்டர்கிட்ட மட்டும்தானேடா சொன்னேன்?" என்றார் அம்மா. அந்த கிளினிக்கிலிருந்துதான் போனது என்று என்னால் நிரூபிக்க முடியாது. பாரத்தின் நகலைத் தேடி எடுத்து அன்றைக்குத்தான் தமிழில் சொன்னேன். "எங்கள் வணிகக் கூட்டாளிகளுடன் பகிரலாம்" என்ற இடம் வந்ததும் நிறுத்தினார். "யாரு அந்தக் கூட்டாளி?" பாரத்தில் பதில் இல்லை, எனக்கும் தெரியவில்லை. அம்மாவுக்கு அது புரியாது என்றுதானே எல்லாரும் நினைத்தோம்.

இப்போது சொல்லுங்கள், தமிழ் வாசகர்களுக்கு எதற்கு? கோபத்தில் எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கெட்டிக்காரர், 28 சரி. டிபிஓவுக்கு மலாயும் ஆங்கிலமும் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது அரசாங்க வழிகாட்டி. உங்களுக்கு மூன்றாவதும் தெரியும், அதைப் போய் தேவையில்லாத சாமான் மாதிரி ஓரத்தில் வைத்துவிட்டு எழுதுகிறீர்களே. அறிவிப்பைத் தமிழிலும் சீனத்திலும் சேர்த்து ஒட்டக்கூடாது என்று சட்டம் எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் என் 379ஆம் பிரிவுத் தமிழில் எழுதிவிடாதீர்கள், பாட்டி தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். சிகிச்சைக்கு வேண்டிய விவரத்துக்கு டாக்டர் தனியாகச் சம்மதம் வாங்கத் தேவையில்லை, ஆனால் பல் வெள்ளையாக்கும் சலுகை மெசேஜ் அனுப்ப அது சாக்கு இல்லை, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் நிறுத்த வேண்டும். அதைக் கவுண்டர் பெண் இரண்டு வரியில் சொல்லி, "என்ன சொன்னேன் ஆச்சி?" என்று ஒரு தடவை திருப்பிக் கேட்கட்டும். ஒரு நிமிஷம் ஆகும். முதலாளி முனகுவார்.

உங்கள் அறிவிப்பை அனுப்புங்கள், நானே தமிழில் எழுதித் தருகிறேன், கூலி வேண்டாம். ஆனால் அதிலும் "வணிகக் கூட்டாளிகள்" என்று இருந்தால், முதலாளியிடம் போய் அவர்கள் யார் யார் என்று பெயர் வாங்கி, பட்டியலோடு அனுப்புங்கள். பட்டியல் இல்லாமல் வந்தால் தொடமாட்டேன். கைப்பேசி எண் போடாமல் அனுப்பவும்.