பதில்: ஆப்லாக்கர் விதி போட்டும் பென்டிரைவ் டோரன்ட் ஓடுகிறது (மண்ணடி, கிளியரிங் அலுவலகம்)

ஊழியர்கள் பென்டிரைவில் இருந்து டோரன்ட் (ஃபைல் இறக்கும் புரோகிராம்) ஓட்டுவதைத் தடுக்க ஆப்லாக்கரில் (எந்த புரோகிராம் ஓடலாம் என்று தீர்மானிக்கும் விண்டோஸ் வசதி) விதி போட்டும் அது ஓடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் விதியில் கோளாறு இருக்காது. ஒவ்வொரு கணினியிலும் 'அப்ளிகேஷன் ஐடென்டிட்டி' சர்வீஸ் (பின்னணியில் ஓடி புரோகிராம்களை அடையாளம் காண்பது) ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். அது ஓடாவிட்டால் ஆப்லாக்கர் எதையும் தடுக்காது.

விண்டோஸ் 10 முதல் சர்வீசஸ் ஜன்னலில் அதை 'ஆட்டோமேட்டிக்' ஆக்க முடியாது. சர்வரும் டொமைனும் இருப்பதாகச் சொல்கிறீர்களே, குரூப் பாலிசியில் (எல்லாக் கணினிக்கும் சர்வரில் இருந்தே அமைப்பு போடும் இடம்) 'சிஸ்டம் சர்வீசஸ்' பகுதியில் அதை 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றிவிட்டு, கணினிகளை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அப்புறம், சாதாரண ஊழியர் லாகினில் நுழைந்து, சிஸ்டம்32-இல் இருந்து ஒரு சின்ன புரோகிராமை டெஸ்க்டாப்பில் காப்பி செய்து திறந்து பாருங்கள். அட்மின் லாகினில் சோதிக்காதீர்கள், டீஃபால்ட் விதி அட்மினை எல்லாவற்றுக்கும் அனுமதிக்கும். தடுக்கப்பட்டால் ஈவென்ட் வியூவரில் (விண்டோஸ் நிகழ்வுகளைக் காட்டும் கருவி), ஆப்லாக்கர் பதிவில் 8004 என்ற எண் விழும். 8003 விழுந்தால் இன்னும் 'ஆடிட்' நிலையில்தான் இருக்கிறது, அதாவது எச்சரிக்கை மட்டும், தடை இல்லை.

ஆனால் சோதிக்கும் ஒரு கணினியைத் தவிர மற்றவற்றில் உடனே தடையைப் போட்டுவிடாதீர்கள். கிளியரிங் வேலையில் (சுங்கத்தில் சரக்கை விடுவிப்பது) டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் (யூஎஸ்பி சாவி) இல்லாமல் எதுவும் நகராது. அதன் மென்பொருள் யூசர் ஃபோல்டரில் இருந்து ஓடினால் அதுவும் சேர்ந்து நின்றுவிடும். கப்பல் வந்து நிற்கும் நாளில் பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிக்கான சுங்கப் படிவம்) போட முடியாமல் போனால் திட்டு உங்களுக்குத்தான். ஒரு வாரம் ஆடிட்டிலேயே விட்டு, 8003-இல் வரும் அலுவலக மென்பொருளுக்கெல்லாம் பப்ளிஷர் விதி (தயாரித்த நிறுவனத்தின் டிஜிட்டல் கையெழுத்தைப் பார்த்து அனுமதிப்பது) போட்ட பிறகு தடையை இயக்குங்கள்.

விண்டோஸ் ஃபோல்டரை அனுமதிக்கும் டீஃபால்ட் விதியில், அதற்குள் இருக்கும் டெம்ப் ஃபோல்டரை அனுமதி இல்லாத விதிவிலக்காகச் சேருங்கள். சாதாரண ஊழியரும் அங்கே ஃபைல் போட முடியும், விதிவிலக்கு இல்லாவிட்டால் டீஃபால்ட் விதி அதை ஓடவும் விடும்.