கண்ணில் குறையில்லை, அப்பாவுக்கு மட்டும் ஏன் ஆட்கள் தெரிகிறார்கள்?

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. பார்க்கின்சன் நோய்க்குப் பல வருடங்களாக மாத்திரை சாப்பிடுகிறார். இப்போதெல்லாம் இருட்டத் தொடங்கினால், சோஃபாவில் இரண்டு குழந்தைகள் உட்கார்ந்திருப்பதாகச் சொல்கிறார். கண் டாக்டர் பார்வை நன்றாக இருக்கிறது என்கிறார். இது மனநோயா?

பதில்: இல்லை. பார்க்கின்சன் முற்றும்போது பலருக்கு இப்படி வருகிறது. லூயி பாடி டிமென்ஷியா என்ற மறதிநோயிலோ இது முக்கிய அறிகுறிகளில் ஒன்று. அந்தக் குழந்தைகள் பேசுகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பேச மாட்டார்கள், சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

கண் அனுப்பும் தகவல் எப்போதுமே அரைகுறைதான். மீதியை மூளை பழைய நினைவிலிருந்து ஊகித்து நிரப்புகிறது. ஊகம் பொருந்தாவிட்டால் தள்ளிவிடுகிறது. இந்தச் சரிபார்ப்புக்குக் கவனம் வேண்டும், கவனத்துக்கு அசிட்டைல்கோலின் என்ற மூளை ரசாயனம் வேண்டும். பார்க்கின்சன் என்றாலே எல்லோரும் டோபமைன் என்ற இன்னொரு மூளை ரசாயனத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். ஆனால் ஆல்ஃபா சைநியூக்ளின் என்ற புரதம் திரண்டு சேர்வதால், அசிட்டைல்கோலினைச் சுரக்கும் நரம்பு செல்களும் அழிகின்றன. லூயி பாடி நோயாளிகளின் ஸ்கேனில் மூளையின் பின்புறப் பார்வைப் பகுதியும் மந்தமாகத் தெரியும். ஒரு பக்கம் தகவல் மங்கல், இன்னொரு பக்கம் சரிபார்க்க ஆளில்லை. ஊகம் ஜெயித்துவிடுகிறது. மங்கிய வெளிச்சத்தில், சோஃபாவில் சுருட்டிப் போட்ட போர்வை குழந்தையாகிவிடுகிறது. போர்வையை எடுத்துவிட்டு விளக்கைப் போட்டுப் பாருங்கள், சிலருக்கு அதுவே போதும். எதுவுமே இல்லாத இடத்திலும் ஆள் தெரிவதுண்டு.

மாத்திரைகளும் இதைத் தூண்டலாம். டோபமைன் மாத்திரைகள் மட்டுமல்ல, நடுக்கத்துக்குத் தரும் ட்ரைஹெக்சிஃபெனிடில் அசிட்டைல்கோலினையே தடுக்கும். அதற்காக நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். எல்லாச் சீட்டுகளையும் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் அசிட்டைல்கோலினைக் காப்பாற்றும் ரிவாஸ்டிக்மின் போன்றதைத் தருவார். ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்து மட்டும் வேண்டவே வேண்டாம். இந்த நோயாளிகளுக்கு அது உடம்பை விறைக்கச் செய்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவசரத்துக்கு வேறு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

குழந்தைகளைக் கண்டு அப்பா பயப்படவில்லை என்றால் விட்டுவிடலாம், வாதாட வேண்டாம். திடீரென்று ஒரே நாளில் அதிகமாகி, ஆள் குழம்பிப் பேசினால் மட்டும் தாமதிக்காதீர்கள். சிறுநீர்த் தொற்றோ நீர்ச்சத்துக் குறைவோ இருக்கலாம், அன்றைக்கே பரிசோதிக்க வேண்டும்.