திரும்பி வந்தவர்களின் தொழில்: கேள்வி பதில்

கேள்வி: வெளிநாட்டில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். சேமிப்பு முழுவதையும் போட்டு சர்வீஸ் கடை திறக்கலாமா?

பதில்: முழுவதையும் வேண்டாம். ஆறு மாத வீட்டுச் செலவைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு மிச்சத்தை எடுங்கள். கருவிக்கு எவ்வளவு ஆகும் என்று எல்லோரும் கணக்குப் பார்க்கிறார்கள். அதன்பின் தொழிலை ஓட்ட எவ்வளவு வேண்டும் என்று பார்ப்பவர்கள் குறைவு. உதிரிபாகம் சராசரியாக 30 நாள் அலமாரியில் கிடக்கிறது, வேலை முடித்து 45 நாள் கழித்தே வாடிக்கையாளர் பணம் தருகிறார் என்றால், போட்ட காசு திரும்ப 75 நாள். பழகிய கடைக்காரருக்கு மொத்த வியாபாரி 15 நாள் கடன் கொடுத்தால் அவர் 60 நாள் சமாளித்தால் போதும். பல வருடம் ஊரில் இல்லாத உங்களுக்கு அந்தக் கடன் ஆரம்பத்தில் கிடைக்காது. வேலை கூடக் கூட இப்படி முடங்கும் தொகையும் கூடும். ஆர்டர் குவிந்த நேரத்தில் கடைகள் தள்ளாடுவது இதனால்தான். பெரிய வேலைக்கு உதிரிபாகத்தின் விலையை முன்பணமாகக் கேளுங்கள். தயங்குகிறவரின் வேலையை விட்டுவிடுவதே மேல்.

கடையே இப்போது தேவையில்லை. குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சும் வேக்யூம் பம்ப், அந்த வெற்றிடத்தை அளக்கும் மைக்ரான் கேஜ், கேஸ் அழுத்தம் பார்க்கும் மேனிஃபோல்டு, குழாய் முனையை விரிக்கும் ஃபிளேரிங் டூல், மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டர், கேஸை எடைபோடத் தராசு இருந்தால் வீடு தேடிப்போய்ச் செய்யலாம். வேக்யூம் 500 மைக்ரானுக்குக் கீழே இறங்கி, பம்ப்பை நிறுத்திய பின்னும் சட்டென்று ஏறாமல் நிற்க வேண்டும். இதை அவசரத்தில் விட்டால் உள்ளே தங்கும் ஈரம் கம்ப்ரஸரைக் கெடுக்கும். அதே வீட்டுக்குக் கூலியில்லாமல் மறுபடி போக வேண்டிவரும். பெரிய கட்டிடங்களைக் குளிர்விக்கும் சில்லர்களிலேயே வேலை பார்த்தவர் என்றால் கவனிக்கவும்: புதிய ஸ்பிளிட் ஏ.சி.களில் பரவலாக உள்ள ஆர்-32 என்ற குளிரூட்டும் கேஸ் லேசாகத் தீப்பற்றும் தன்மையுள்ளது. பழைய ஆர்-22 கேஸ் காலத்து அழுத்தக் கேஜ் அதன் அழுத்தத்துக்குப் போதாது.

கேள்வி: மைத்துனர் கூட்டுச் சேரக் கேட்கிறார். சரிவருமா?

பதில்: உழைப்புக்கு மாதச் சம்பளம், போட்ட பணத்துக்கு லாபத்தில் பங்கு என்று தனித்தனியாக எழுதிக்கொண்டால் வரும். நீங்களும் சம்பளம் எடுங்கள். கல்லாவிலிருந்து அவ்வப்போது எடுத்தால் லாபமா நஷ்டமா என்பதே தெரியாது.

கேள்வி: இன்னும் வெளிநாட்டில்தான் இருக்கிறேன். கிளம்புமுன் என்ன செய்ய வேண்டும்?

பதில்: பணிக்கொடையையும் சம்பளப் பாக்கியையும் அங்கிருக்கும்போதே வாங்கிவிடுங்கள், ஊர் வந்தபின் வழக்காடுவது கடினம். கடைசித் தொகை வந்துசேரும்வரை வங்கிக் கணக்கை மூடாதீர்கள். அனுபவச் சான்றிதழில் ‘டெக்னீஷியன்’ என்று மட்டும் இல்லாமல், எந்த இயந்திரத்தில் என்ன வேலை என்று எழுதி வாங்குங்கள். சர்வதேச இடம்பெயர்வு அமைப்பு மாதிரியான நிறுவனங்களின் மறுவாழ்வு உதவிக்குத் தகுதி இருந்தால், அது பெரும்பாலும் ரொக்கமாக வராது. கருவியாகவோ பயிற்சியாகவோ வரும். அன்றாடச் செலவுக்கு அதை நம்ப வேண்டாம்.