பதில் வராத கேள்வியும் ஒரு பதில்தான்

கேள்வி: மாணவர் இதழ் ஒன்றுக்காக அரசியல்வாதிகளைப் பேட்டி காண்கிறேன். என் கொள்கைக்கு நேர் எதிரான ஒருவரிடம், பகைமை காட்டாமலும் மழுப்பலுக்கு இடம் கொடுக்காமலும் கேள்வி கேட்பது எப்படி?

பதில்: உங்களுக்கென்று ஒரு கொள்கை இருப்பதில் குற்றமில்லை. ஆனால், பேட்டியின் நடுவே அதைச் சொல்லத் தொடங்கினீர்களானால், அவர் உங்கள் கருத்தைத் தாக்குவதிலேயே மீதி நேரத்தைக் கழித்துவிட்டு, கேட்ட கேள்வியிலிருந்து நழுவிவிடுவார்.

1997 மே மாதம் பிபிசியின் 'நியூஸ்நைட்' நிகழ்ச்சியில், பிரிட்டனின் முன்னாள் உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹவார்டிடம், சிறைத்துறைத் தலைவரின் முடிவை மீறி உத்தரவிடப்போவதாக மிரட்டினீர்களா என்ற ஒரே கேள்வியை நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஜெரமி பேக்ஸ்மன் ஏறக்குறைய 12 முறை கேட்டார். ஹவார்ட் நிறையப் பேசினாரே தவிர, ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. பார்த்தவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. (அடுத்த செய்தித் தொகுப்பு தயாராகாததால்தான் அப்படி இழுக்க நேர்ந்தது என்று பேக்ஸ்மனே பின்னர் சொன்னது வேறு கதை.) அந்த உத்தி பலித்ததற்குக் காரணம் பிடிவாதம் மட்டுமன்று. அது நல்லதா கெட்டதா என்று கேட்காமல், நடந்ததா இல்லையா என்று கேட்ட கேள்வி அது. 'உங்கள் ஆட்சி தோல்விதானே?' என்பதை நூறு முறை கேட்டாலும் சொற்பொழிவுதான் கிடைக்கும்.

ஆவணம் கையில் இருந்தால் குரலை உயர்த்தவே வேண்டாம். 1977-இல் அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ரிச்சர்ட் நிக்சனுடன் 28 மணி நேரத்துக்கும் மேல் உரையாடிப் பதிவு செய்த பிரிட்டிஷ் தொலைக்காட்சிப் பேட்டியாளர் டேவிட் ஃப்ராஸ்ட், நிக்சன் பதவி விலகக் காரணமான வாட்டர்கேட் ஊழல் விவகாரத்துக்கு வந்ததும், அதுவரை பரவலாக அறியப்படாதிருந்த உரையாடல் பதிவொன்றின் எழுத்துப்படியிலிருந்து நிக்சனின் சொற்களையே அவரிடம் வாசித்துக் காட்டினார். அமெரிக்க மக்களைக் கைவிட்டுவிட்டதாக நிக்சன் ஒப்புக்கொண்டது அந்தப் பேட்டித் தொடரில்தான்.

கேள்வி: பொது விவாதத்தில் எதிராளி ஒரே மூச்சில் பத்துக் குற்றச்சாட்டுகளை அடுக்கினால் என்ன செய்வது?

பதில்: பத்துக்கும் விடை சொல்ல முயலாதீர்கள்; ஒரு வரிப் பொய்யை மறுக்க ஒரு பத்தி தேவைப்படும், உங்கள் நேரம் தீர்ந்துவிடும். அவற்றுள் வலுவானது எதுவோ அதைத் தேர்ந்து, அவரே 'ஆம், நான் சொன்னது அதுதான்' என்று ஏற்கும்படி எடுத்துரைத்த பிறகு மறுத்துப் பேசுங்கள். எளிதானதைப் பொறுக்கி எடுத்தால் அவையினர் உடனே கண்டுகொள்வார்கள்.