சுவரோர அடைசல்

கேள்வி: எங்கள் லயக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு அறையில்) பழைய உடுப்பும் பெட்டிகளும் குவிந்து பூஞ்சண மணம் வீசுகிறது. பார்த்தாலே தலை பாரமாகிறது. எங்கிருந்து தொடங்குவது? – வாசகி, தலவாக்கலை

பதில்: சுவரோரத்திலிருந்து. ஒட்டி வைத்த சாமானுக்குப் பின்னால் காற்றோட்டமில்லை. மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவமழையில் பூஞ்சணம் பிடிப்பது அங்கேதான். பெட்டியை நான்கு விரற்கடை நகர்த்தி, அடியில் பலகைத் துண்டு வையுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் இழுத்துப் போடாதீர்கள். பின்னேரம் மழை வந்தால் அத்தனையும் அள்ளுப்பட்டு உள்ளேதான் போகும். வெயில் காலையில் ஒரு பெட்டி போதும். உடுப்பைத் தையலோரம் வரை காயவைத்தே மடியுங்கள். ஈரத்தோடு பொலித்தீன் பையில் கட்டினால் கரும்புள்ளி விழும், பிறகு போகாது. பிறப்புச் சான்றிதழ், ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) கடுதாசிகள் தனியே, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில்.

தலையை அழுத்துவது "பிறகு பார்ப்போம்" என்று வைத்தவைதான். அவற்றுக்கு ஒரே ஒரு பை. நிறைந்தால் ஒன்று வெளியே போகட்டும். மாமியாரின் சேலையை மட்டும் கேட்காமல் தொடவேண்டாம்.