பெயின்ட் வேண்டாம் என்றவர்கள்

அன்புள்ள சார்,

போன மாதம் குடும்பத்தோடு கொலராடோ மலையில் இருக்கிற ஆஸ்பென் போயிருந்தோம். பிள்ளைகள் பனிச்சறுக்கு கற்றுக்கொண்ட நான்கு நாளும் நான் காபிக் கடையில் உட்கார்ந்து அந்த ஊரின் வரலாற்றைப் படித்தேன். செத்துக்கிடந்த ஒரு சுரங்க ஊரை வால்டர் பேப்கே என்ற சிகாகோ தொழிலதிபர் உலகமே திரும்பிப் பார்க்கும் இடமாக ஆக்கியிருக்கிறார். ஆப்பிரிக்காவில் மருத்துவமனை நடத்திய தத்துவவாதி ஆல்பர்ட் ஷ்வைட்சரையே வரவழைத்திருக்கிறார். நம் பணக்காரர்களுக்கு ஏன் இப்படி ஒரு கனவு வருவதில்லை? ஒரு ஊரின் ஸ்தாபகர் என்ற தலைப்பில் நீங்கள் எழுத வேண்டும்.

பின்குறிப்பு: சறுக்கு வகுப்புக்குக் கட்டிய பணத்தைக் கேள்விப்பட்டு அப்பா போனில் திட்டுகிறார். என்ன பதில் சொல்ல?

எஸ்., டென்வர்

அன்புள்ள எஸ்,

உங்கள் கடிதம் வந்த அன்று எங்கள் வீட்டில் பெயின்ட் வேலை நடந்துகொண்டிருந்தது. நம்பினால் நம்புங்கள், காலையிலிருந்தே நான் பேப்கேயைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் திட்டு. 'செத்துக்கிடந்த ஊர்' என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே 700 சொச்சம் பேர் உயிரோடு இருந்தார்கள். 1879-ல் வெள்ளி தேடி வந்தவர்கள் போட்ட ஊர் அது. முதலில் வைத்த பெயர் யூட் சிட்டி, யூட் என்ற பழங்குடி மக்களின் நிலம் என்பதால். 1881-ல் அந்தப் பக்கத்து யூட்களை யூட்டா மாநிலத்துக்கு விரட்டினார்கள். அதற்குள் ஊரின் பெயரும் ஆஸ்பென் என்று மாறிவிட்டது. ஸ்தாபகர் கதை எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். 1890 கணக்கெடுப்பில் 5,000 பேருக்கு மேல் இருந்தார்கள். 1893-ல் அரசாங்கம் வெள்ளி வாங்குவதை நிறுத்தியது. விலை விழுந்தது, சுரங்கங்கள் மூடின, கூட்டம் கலைந்தது. போக இடமில்லாதவர்களும் போக மனமில்லாதவர்களும் தங்கினார்கள். உருளைக்கிழங்கு போட்டார்கள், மாடு வளர்த்தார்கள். ஐம்பது வருடம். இதற்குப் பெயர் சாவா?

பனிச்சறுக்கைக்கூடப் பேப்கே கொண்டுவரவில்லை. 1936-37 குளிர்காலத்தில் ஆந்த்ரே ரோஷ் என்ற சுவிஸ் மலையேறி வந்து சரிவுகளை நடந்து பார்த்தார். (1947-ல் இமயமலையின் கார்வாலில் டென்சிங்கோடு கேதார்நாத் சிகரத்தில் ஏறியவர் இவர்தான். அது தனிக் கதை.) அவர் காட்டிய வழியில் ஊர்க்காரர்கள் மரம் வெட்டித் தடம் போட்டார்கள். மேலே போவதற்கு? பழைய சுரங்கத்து விஞ்ச் (கம்பியைச் சுற்றி இழுக்கும் எந்திரம்), ஒரு பழைய கார் இன்ஜின், கம்பியில் கட்டிய பெரிய மரச் சறுக்குவண்டி. 'படகு' என்பார்கள். ஆளுக்கு 10 சென்ட். பாதாளத்திலிருந்து வெள்ளியைத் தூக்கிய சாமான் மலைமேல் ஆளைத் தூக்கியது. இதற்கு எந்தக் கனவும் தேவைப்படவில்லை, பழைய இரும்பை வீசாமல் வைத்திருந்தால் போதும்.

அப்புறம் ஃப்ரீடில் ஃபைஃபர். ஆஸ்திரியாவின் சாங்க்ட் அன்டோனிலிருந்து வந்து ஐடஹோ மாநிலத்துச் சன் வேலியில் சறுக்குப் பள்ளி நடத்தியவர். 1941 டிசம்பரில் எதிரி நாட்டுக்காரர் என்று அமெரிக்க அரசு அவரைப் பிடித்துப்போனது. வெளியே வந்ததும், பிடித்துப்போன அதே நாட்டின் பத்தாம் மலைப் படையில் சேர்ந்தார். 1943-ல் கேம்ப் ஹேல் என்ற ராணுவ முகாமில் பயிற்சியின்போது மலை தாண்டி வந்து ஆஸ்பெனைப் பார்த்தார், சொந்த ஊர் ஞாபகம் வந்துவிட்டது. 1945-ல் இத்தாலியில் நெஞ்சில் படுகாயம். அந்தப் படையில் கிட்டத்தட்ட 1,000 பேர் அங்கேயே செத்துப்போனார்கள். இவர் அந்தக் காயத்தோடு திரும்பி வந்து சறுக்குப் பள்ளி ஆரம்பித்தார். சரிவில் கால் வைத்தவர் இவர், பணம் வைத்தவர் பேப்கே. இருவரும் சேர்ந்ததால்தான் 1947 ஜனவரியில் முதல் லிஃப்ட் திறப்புவிழா நடந்தது. உங்கள் கடிதத்தில் ஃபைஃபர் பெயரே இல்லை. நான்கு நாளும் என்னதான் படித்தீர்கள்?

ஷ்வைட்சர் 1949-ல் ஜெர்மன் கவிஞர் கதே பிறந்த 200-வது ஆண்டு விழாவுக்கு வந்தார், பேசினார், போனார். விடுங்கள். நம் பணக்காரர்களின் கனவுகளைப் பற்றியும் பேசப்போவதில்லை, அவற்றைப் பேச அவர்களே சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள்.

பெயின்ட்டுக்கு வருகிறேன். பேப்கே அட்டைப்பெட்டி வியாபாரி. ஆஸ்பெனை முதலில் பார்த்தது அவர் மனைவி எலிசபெத், 1939-ல். பண்ணை வீட்டில் குழாய் வெடித்துவிட, விருந்தாளிகளை எங்கே கூட்டிப்போவது என்று தெரியாமல் ஆஸ்பென் பக்கம் போனார். கணவர் வந்தது 1945-ல். வந்த வேகத்தில் வீடுகளையும் மனைகளையும் மலிவாக வாங்கினார். ஜெர்மனியின் பாவ்ஹவுஸ் கலைப் பள்ளியில் கற்பித்த ஹெர்பர்ட் பேயரைக் கூட்டிவந்து குடிவைத்தார். பிறகு ஊர்க்காரர்களிடம் சொன்னார்: உங்கள் வீட்டுக்குப் பெயின்ட் நான் இலவசமாகத் தருகிறேன், நிறத்தை மட்டும் பேயர் முடிவு செய்வார்.

பெரும்பாலானவர்கள் வேண்டாம் என்றார்கள்.

நான் எத்தனையோ முறை திரும்பத் திரும்ப யோசித்த இடம் இது. கையில் காசில்லாத மக்கள். பல வருடமாகச் சாயத்தையே பார்க்காத மரச் சுவர்கள். இலவசம். நிறம் தேர்ந்தெடுப்பவரோ உலகம் அறிந்த கலைஞர், ரசனையில் குறை சொல்ல முடியாது. (செங்கல் ஹோட்டல் ஜெரோமுக்கு வெள்ளையடித்து ஜன்னல் வளைவுகளுக்கு அவர் பூசிய நீலத்தைப் புகைப்படத்தில் பாருங்கள், அழகுதான்.) இருந்தும் வேண்டாம். நீங்களாக இருந்தால் பட்டிக்காட்டுத் திமிர் என்பீர்கள். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் சொன்னேன், என் அம்மாவிடம்.

எனக்குப் பதினைந்து வயது. வெளிநாட்டில் சம்பாதித்த மாமா ஒருவர் ஊருக்கு வந்தார். எங்கள் வீடு சுண்ணாம்பில் நீலம் கலந்து அடித்த வீடு, மழைக்குப் பாதி கரைந்திருந்தது. மாமா ஒரு வண்ண அட்டையை விரித்து, "அக்கா, எல்லாச் செலவும் என்னுது. இந்தச் சந்தன நிறம்தான் எடுப்பா இருக்கும்" என்றார். அம்மா அட்டையைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "நல்லாருக்குடா. உன் வீட்டுக்கு அடி" என்று சொல்லிவிட்டு அவருக்குத் தோசை வார்க்கப் போய்விட்டாள். நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அடுத்த பொங்கலுக்கு அவளே நீலம் கரைத்தாள், கொஞ்சம் தூக்கலாக. எங்கள் வீடு தெரு முனையிலிருந்தே கண்ணைக் குத்தியது. அவள் போய் ஒன்பது வருடமாகிறது. இன்னும் நான் அந்த நிறத்தை எந்தக் கடையிலும் பார்க்கவில்லை.

பேப்கே கெட்டவர் இல்லை. நானே அங்கே ஒரு கோடையில் இசைக் கூடாரத்துக்கு வெளியே புல்லில் படுத்துக்கொண்டு காசில்லாமல் கச்சேரி கேட்டிருக்கிறேன். அந்த விழா அவர் தொடங்கியது. ஆனால் அன்று நான் ஊருக்குள் தங்கவில்லை, கட்டுப்படியாகவில்லை. கீழே கார்பன்டேல் என்ற ஊரில் தங்கி காலை பஸ்ஸில் போனேன். பஸ் முழுக்க ஹோட்டல் அறை கூட்டுகிறவர்கள், சமையற்காரர்கள், தச்சர்கள். பக்கத்தில் இருந்த பெண் இன்னும் தூரத்திலிருந்து வருகிறவர். பதினோரு வருடமாக அந்த மலையடியில் வேலை செய்கிறார், ஒருமுறைகூட லிஃப்ட்டில் ஏறியதில்லை. அன்று பெயின்ட் வேண்டாம் என்றவர்களின் மரவீடுகள் இன்று எத்தனை மில்லியன் என்று அவர்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்.

என்ன கேட்டிருந்தீர்கள்? ஆமாம், அப்பா. அவர் திட்டுவது நியாயம்தான், 10 சென்ட் படகு இப்போது ஓடுவதில்லை. ஆனால் பிள்ளைகளை நிறுத்தாதீர்கள், விழுந்து எழட்டும். நீங்கள் மட்டும் அடுத்த முறை காபிக் கடையை விட்டு எழுந்து போய், மலையடிவாரத்தில் அந்த முதல் லிஃப்ட் தொடங்கிய இடத்தைப் பாருங்கள்.

பெயின்டர் கூப்பிடுகிறார், மாடி அறைக்கு என்ன நிறம் என்று. வீட்டம்மாவைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்.